ஒரே ஒரு வாய்த் திறப்பு

வாயெண்ணிக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி ஸ்டுடியோ வாசலில் விசாரித்தால் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். வாயெண்ணி என்று கேட்டால், "மாடியில, இடது பக்கம் கடைசி ரூம்" என்று கை காட்டுவார்.

வேற்று மொழிப் படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் வசனம் எழுதுவது அவர் தொழில். அர்த்தத்தை மாற்றிப் போட்டால் முடிந்தது என்கிற வேலை இல்லை அது. திரையில் இருப்பவர் வாயை எத்தனை தடவை திறக்கிறாரோ அத்தனை அசைதான் தமிழிலும் வர வேண்டும். அங்கே உதடு ஒட்டினால் இங்கே ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். அங்கே பல் தெரிந்தால் இங்கே ஈ. வாய் குவிந்தால் ஓ, ஊ. படத்தை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணுவார். இருபத்துமூன்று வருஷத்துப் பழக்கம், வேலை முடிந்து வெளியே வந்தாலும் விடாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்து போனில் பேசுகிற ஆளின் வாயை எண்ணுவார். பல் டாக்டர் "ஆ காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது, முகமூடிக்குப் பின்னால் அது எத்தனை திறப்பு என்ற யோசனையில் தன் வாயைத் திறக்க மறந்தவர்.

அதற்கு முன்னால் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ஆனால் மனைவியை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது அவர் செய்த ஒரு பிழை.

விலங்குகள் பேசுகிற குழந்தைப் படம் அது. தாயைத் தொலைத்த மான்குட்டி பனியில் நின்று கூப்பிட வேண்டும். 'அம்மா' என்று எழுதியிருந்தார். வேறு என்ன எழுதுவது? மான்குட்டிக்குக் குரல் கொடுக்க வந்திருந்த ஒல்லிப் பெண், காதில் மாட்டியிருந்ததைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மைக் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"சார், குட்டிக்கு உதடே ஒட்டலை."

"ஒட்டும்மா. நான் எண்ணியிருக்கேன்."

"எண்ணிக்கை சரிதான் சார், ரெண்டு. ஆனா நடுவுல வாய் மூடலை. 'தாயே'ன்னு வெச்சா உக்காரும்."

"மான்குட்டி என்ன பிச்சையா எடுக்குது, தாயேன்னு கூப்பிட?"

"அப்ப நீங்க வந்து கத்துங்க சார். உதட்டை ஒட்டாம 'அம்மா' சொல்லுங்க பாப்போம்."

அவர் அங்கேயே நின்று கத்திப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பித்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். அந்த ஒலிப்பதிவாளருக்கு ஸ்டுடியோவில் கண்ணாடி என்றே பெயர். கடைசியில் 'எங்கே' என்று வைத்தார்கள். மான்குட்டி பனியில் நின்று 'எங்கே, எங்கே' என்று கேட்டது. பார்த்த குழந்தைகள் தேம்பி அழுதன. எட்டு மாதத்தில் அந்த ஒல்லிப் பெண்ணும் அவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அவளை எல்லோரும் குருவி என்பார்கள். இப்போது நாற்பத்துநான்கு வயது; குரலுக்கு மட்டும் பதினான்கு. வீட்டில் போனை எடுத்தால், "பாப்பா, அம்மாகிட்ட குடுடா" என்பார்கள். ஒல்லி போய்விட்டது, குரல் போகவில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் அவரை சார் என்றாள். அப்புறம் நீங்க. முதல் வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருவரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"ஒரே ஒரு தடவை என்னை நீன்னு கூப்பிடேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

மைக்குக்கு முன்னால் நிற்பது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "நீ..." என்று ஆரம்பித்தவள் கையிலிருந்த தலையணை உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "வரலைங்க. சத்தியமா வாய் வரலை."

அவரும் சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. பெரிய குறை என்று சொல்ல முடியாது. சட்டைக் காலரின் உள்பக்கம் தைத்திருக்கும் துண்டு மாதிரி எப்போதாவது உரசும், அவ்வளவுதான்.

அது நன்றாக உரச ஆரம்பித்தது இந்த வருஷம், அந்த அனிமே வந்தபோது.

ஜப்பானிலிருந்து வந்த கார்ட்டூன் தொடர், இருபத்தாறு பாகம். பகை வீட்டுப் பையனும் பெண்ணும் காதலித்து, ஒரு கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருவரும் செத்துப்போகிற பழைய கதைதான் அடிப்படை. அனிமேக்காரர்கள் அதன் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு சதை வைத்திருந்தார்கள். பனி மூடிய ஒரு நகரம். பகை வீடுகள் இரண்டும் டிராம் கம்பெனிகள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பெண் சிவப்பு டிராம் ஓட்டுகிறாள். பையன் நீல டிராமுக்கு மெக்கானிக். இரண்டு தண்டவாளமும் குறுக்கே வெட்டிக்கொள்கிற சந்திப்பில் சிக்னல் மாறுகிற நாற்பது நொடிதான் அவர்களுக்குக் கிடைக்கிற காதல். கடிதம் கொண்டுபோக ஒரு பூனை. அது பேசும்.

"பழைய கதையில பூனை எங்க இருக்கு?" என்று மகளைக் கேட்டார். கல்லூரியில் படிக்கிறாள். அனிமே என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

"லூஸ் அடாப்டேஷன்ப்பா."

"லூஸுதான்."

"அப்பா! அந்தப் பூனைக்கு உலகம் பூரா ரசிகர்கள் இருக்காங்க. ஒழுங்கா எழுதுங்க, இல்லேன்னா என் ஃப்ரெண்ட்ஸ் என்னை ஒதுக்கி வெச்சுருவாங்க."

டிராம் பெண்ணுக்குக் குருவிதான் என்று தமிழ்ப் பதிப்பை நடத்துகிற டைரக்டரம்மா யோசிக்காமல் சொல்லிவிட்டார். பூனைக்கு ஒலிப்பதிவாளர் கண்ணாடியே பேசுவதாக ஏற்பாடு. பையனுக்கு ரேடியோக்காரன் வந்தான். காலை வேளையில் ரேடியோவில் போக்குவரத்து நெரிசல் சொல்கிறவன், முப்பத்திரண்டு வயது. எந்த ரோட்டில் வண்டிகள் நகரவில்லை என்று அவன் சொல்கிற தொனியைக் கேட்டு, வேண்டுமென்றே அந்த ரோட்டுக்குப் போகிறவர்கள் இருப்பதாகப் பேச்சு. "அண்ணே, உங்க பேப்பர்ல பேசணும்கிறது என் ரொம்ப நாள் ஆசைண்ணே" என்று வாயெண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவர் மனைவியை அண்ணி என்றான். நல்ல பையன்தான். அதுதான் தொந்தரவு.

இரண்டாம் பாகத்தில் பெண் டிராம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டிப் பையனிடம் முதன்முதலாகப் பேசுகிறாள். வாயெண்ணி எண்ணினார். எட்டுத் திறப்பு. 'நீ நாளைக்கும் வருவியா' என்று எழுதினார். அச்சாக உட்கார்ந்தது. எழுதியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ஓட்டினார். மனைவியின் குரலில் ஓடியது.

நீ. உதடு விரிந்து, பல் லேசாகத் தெரிந்து.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். இருபத்தொரு வருஷமாக இவருக்கு வராத வாய், நேற்று வந்த ரேடியோக்காரனுக்கு இருபத்தாறு பாகத்துக்கு வரப்போகிறது. அதையும் இவரே உட்கார்ந்து எண்ணி எழுதித் தர வேண்டும். வயிறு எரிந்தது. தண்ணீர் குடித்து அடங்குகிற எரிச்சலாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து அழித்தார். 'நாளைக்கும் வருவீங்களா.' நீயைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையை வாலில் கட்டியாயிற்று. எண்ணினார். எட்டுக்கு எட்டு. தொழில் தெரிந்தவர் என்பதில் அன்றைக்கு அவருக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது.

டைரக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன சார், பொண்ணு அவனை வாங்க போங்கன்றா?"

"பகை வீட்டுப் பையன் இல்லையா மேடம். அந்த இடைவெளி தெரியணும்."

"அட, ஆமால்ல. நல்லா யோசிச்சிருக்கீங்க."

பொய் சொல்லும்போது இவ்வளவு நல்ல காரணம் கிடைத்தது அவருக்கே ஆச்சரியம். ஆனால் வீட்டில் மகளை ஏமாற்ற முடியவில்லை.

"அப்பா, அவன் அவளைவிட ஒரு வயசு சின்னவன். அவ கம்பெனியில பாதிப் பேரை அடிச்சிருக்கா. அவ போய் எதுக்கு அவனை நீங்கங்கறா?"

"மரியாதை."

"யாருக்கு மரியாதை?"

"ஒனக்குப் படிக்க ஒண்ணுமில்லையா?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பொதுவாக டப்பிங்கில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, தன் பங்கைப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். கணவனும் மனைவியும் கட்டிப்பிடித்து அழுகிற காட்சியில் கணவன் திங்கட்கிழமை அழுவான், மனைவி வியாழக்கிழமை அழுவாள். வாயெண்ணி அதை நம்பித்தான் இருந்தார். ரேடியோக்காரன் அதிலும் மண்ணைப் போட்டான்.

"அண்ணே, அண்ணி கூட நின்னு பேசினா எனக்குக் கொஞ்சம் ஃபீல் வரும்ணே."

உனக்கு ஃபீல் வர என் பொண்டாட்டிதான் கிடைத்தாளா என்பது பதினைந்து திறப்பு. அவர் வாயைத் திறக்காமல் டைரக்டரம்மாவைப் பார்த்தார். அந்தம்மா, "தாராளமா, நல்லா இருக்கும்" என்றுவிட்டார்.

ஒரே மைக் அறை. இரண்டு மைக். எதிரே திரையில் பனி பெய்யும். வாயெண்ணி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தாளோடு நிற்பார். பையன் பெண்ணிடம் சொல்கிற காதல் வார்த்தை எல்லாம் அவர் எழுதியது. இத்தனை வயதில் அவர் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டியது, சொல்ல வெட்கப்பட்டது, எல்லாம் எழுத்தாகி, இன்னொருவன் தொண்டை வழியாக, தேனில் தோய்த்த மாதிரி அவளிடம் போய்ச் சேர்ந்தது. கண்ணாடி பித்தானைத் திருகிக்கொண்டே, "பையன் பிரமாதம், இல்ல?" என்பார். "ம்" என்பார் வாயெண்ணி. வாய் திறக்காமல் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அது.

ஆறாம் பாகத்திலிருந்து பையனின் வசனத்திலும் கை வைத்தார். உன்னைப் பார்க்காத நாள் நாளே இல்லை என்கிற பொருளில் அவன் உருக வேண்டிய இடத்தில், 'உனக்குச் சளி பிடிச்சிருக்கா' என்று எழுதினார். கொட்டுகிற பனியில் நிற்கிறாள், பிடிக்கத்தானே செய்யும்? டைரக்டரம்மா எழுந்து வந்து கை கொடுத்தார். "இதுதான் சார் காதல். இந்த மாதிரி யாரு எழுதறா இப்ப?" ரேடியோக்காரன் அந்தச் சளியை அவ்வளவு கனிவாகக் கேட்டுத் தொலைத்தான். மனைவி மைக்குக்குப் பக்கத்தில் நின்று நிஜமாகவே ஒருதரம் மூக்கை உறிஞ்சினாள்.

ஒன்பதாம் பாகத்தில் அண்ணி போய்விட்டது. "குருவி, டீ சொல்லவா?" என்றான். எல்லோரும் குருவி என்கிறார்கள், இவன் சொன்னால் என்ன? ஒன்றுமில்லை. வாயெண்ணி அந்தத் தேதியைத் தாளின் பின்பக்கம் குறித்துவைத்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இடைவேளைகளில் அவர்கள் இருவரும் மாடிப்படி வளைவில் டீயோடு நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். தூரத்திலிருந்து எண்ணிப் பார்த்தார். ரேடியோக்காரன் கையை வாய்க்கு மேல் வைத்துக்கொண்டு பேசுகிறவன். எண்ண வரவில்லை.

வீட்டில் அவள் மறுநாளைக்குப் பேச வேண்டிய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, "கொஞ்சம் அவனோடதைப் படிங்களேன், நான் என்னோடதைச் சொல்லிப் பாக்கறேன்" என்பாள். அவர் படிப்பார். "உனக்காக. நான். தண்டவாளத்தையே. பெயர்ப்பேன்."

"என்னங்க இது, தந்தி வாசிக்கற மாதிரி இருக்கு."

"எனக்கு அவன் மாதிரி வராது."

"யாரு வரச்சொன்னா? மூச்சு எங்க விடறதுன்னு பாக்கத்தான்." சிரித்தாள். பிறகு அவரைப் பார்த்து, பதினான்கு வயதுக் குரலில், "நீங்க பெயர்க்க வேண்டாம், கைல அடிபட்டுக்குவீங்க" என்று தன் வரியைச் சொன்னாள். அந்த நீங்க அவர் எழுதியதுதான். காதுக்குப் பழசாக இருந்தது.

கடைசிப் பாகம் வந்தது.

கடிதத்தின் மேல் பூனை படுத்துத் தூங்கிவிடுகிறது. பெண் செத்துவிட்டாள் என்று நினைத்துப் பையன் டிராமோடு உறைந்த ஆற்றில் இறங்குகிறான். இங்கேதான் அனிமேக்காரர்கள் பழைய கதையைக் கைவிட்டிருந்தார்கள். இருவருமே சாகவில்லை. ஆனால் பையனுக்கு நினைவு போய்விடுகிறது. பனி உருகி வசந்தம் வந்த ஒரு காலையில் அவள் சிவப்பு டிராமைச் சந்திப்பில் நிறுத்துகிறாள். அவன் நிற்கிறான். அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வையில், "நீங்க...?" என்று இழுக்கிறான். அவள் முகம் திரை முழுக்க வருகிறது. வாய் ஒரே ஒரு தடவை திறக்கிறது. உதடு விரிந்து, பல் லேசாகத் தெரிந்து. படம் முடிந்தது.

"ஒரிஜினல்ல அவ சும்மா ஒரு சத்தம்தான்ப்பா போடுவா" என்றாள் மகள். "அழுகையா சிரிப்பான்னே தெரியாது. அதுக்காக நாங்க ஒரு வாரம் சண்டை போட்டோம்."

"தமிழ்ல ஒரு வார்த்தை வேணும் சார். நம்ம ஆளுங்களுக்குச் சத்தம் பத்தாது" என்றார் டைரக்டரம்மா.

வாயெண்ணி இரண்டு நாள் அந்த ஒரு திறப்போடு உட்கார்ந்திருந்தார். வா என்றால் பல் தெரியாது. போ என்றால் குவியும். ஏன் என்றால் விரிவு போதாது. தீ என்று வைத்தால் எங்கே பற்றிக்கொண்டது என்று கேட்பார்கள். ஈ என்று வைக்க அந்தக் குளிர் ஊரில் ஏது ஈ? மீதி ஒன்று இருந்தது. அது இருப்பது முதல் நிமிஷத்திலேயே அவருக்குத் தெரியும். அதைச் சுற்றிச் சுற்றி வந்து மற்ற எல்லாவற்றையும் எழுதி எழுதி அழித்தார். தாள் அந்த இடத்தில் மெலிந்து ஓட்டை விழப் பார்த்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் 'சீ' என்று எழுதினார்.

உதடு விரிகிறது. பல் தெரிகிறது. ஒரே திறப்பு. பெண்கள் செல்லமாகச் சொல்கிற சீ இல்லையா, அதில் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று தனக்குத் தானே எடுத்துச் சொன்னார். முழுக்க நம்பவில்லை என்பதற்கு அடையாளமாக, பதிவு நடக்கிற காலை வரை தாளை யாரிடமும் கொடுக்காமல் பையிலேயே வைத்திருந்தார்.

மைக் அறையில் இருவரும் நின்றார்கள். திரையில் பனி உருகிச் சொட்டியது. ரேடியோக்காரன், "நீங்க...?" என்றான். எல்லாம் மறந்துபோன மனிதனின் வெறுமை அந்த ஒரு சொல்லில் இருந்தது; எதிரியானாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். குருவி தாளைப் பார்த்துப் படித்தாள்.

"சீ."

அரை நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரேடியோக்காரன், "ஐயோ குருவி, நான் என்ன தப்பு பண்ணினேன், இப்படித் துப்பிட்டீங்க!" என்று மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "லெட்டர் மேல படுத்தது நானு. திட்டறதுன்னா பூனையைத் திட்டும்மா" என்றார் பூனைக்குப் பேசிய கண்ணாடி. டைரக்டரம்மா சிரிக்கவில்லை. "சார், எழுத்துப் பிழையா?" என்று திரும்பினார்.

வாயெண்ணி கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். பிழை திருத்துகிறவராக வாழ்க்கையைத் தொடங்கியவர். அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கண்ணாடித் தடுப்பு வழியாக மனைவி அவரைப் பார்த்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழுத்துக்கு இறக்கினாள். மான்குட்டி நாளில் வெளியே வந்தது போல இப்போதும் வருவாள் என்று நினைத்தார். வரவில்லை. அங்கிருந்தே, மைக்கில் சொன்னாள்:

"பிழைதான் மேடம். சார் வேற எழுத்து எழுத நினைச்சிருப்பார். கை மாறிப்போச்சு. திரும்பப் போலாம்."

மறுபடி பனி சொட்டியது. மறுபடி அவன், "நீங்க...?" என்றான்.

"நீ."

அதில் அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. பதினான்கு வயதுக் குரலும் இல்லை. நாற்பத்துநான்கு வயதுக் குரல், உரிமையும் கோபமும் சலிப்புமாக, ரொம்ப நாள் பழகின ஒருவனின் சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி வந்தது. வாயெண்ணி அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. தன் வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு அறை இருந்து, அதன் கதவை வேறு யாரோ திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை. கண்ணாடியும் பித்தான் மேல் வைத்த விரலை எடுக்க மறந்திருந்தார். டைரக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருபத்தஞ்சு பாகமா நீங்க நீங்கன்னு சேர்த்து வெச்சது இந்த ஒரு எழுத்துக்குத்தானா சார்? அவன் நீங்கன்னு மாறும்போது இவ நீன்னு மாறறா... எனக்கு இது முன்னாடியே புரியாமப் போச்சே" என்றார். ரேடியோக்காரன் வெளியே வந்து, "அண்ணே, என்னண்ணே இப்படி எழுதிட்டீங்க" என்று அவரைக் கட்டிக்கொண்டான். வேறு வீட்டுக்கு வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டவர் போல வாயெண்ணி நின்றார்.

பஸ்ஸில் நாற்பது நிமிஷமும் அவள் வாய் திறக்கவில்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாத பயணம்.

வீட்டில் மகள் இன்னும் வந்திருக்கவில்லை. மனைவி பையை மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போய் மேஜையருகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரை நினைச்சுக்கிட்டு சொன்ன?"

"எதை?"

"அந்த எழுத்தை."

அவள் குழாயைத் திறந்தாள். "முதல்ல நீங்க சொல்லுங்க. எதை நினைச்சுக்கிட்டு சீன்னு எழுதினீங்க?"

"நான் கேட்டதுக்கு பதில் சொல்லு. எனக்கு வாய் வராதுன்னு சொன்னவதானே நீ?"

"எப்ப சொன்னேன்?"

"தலகாணி உறை மடிச்சுக்கிட்டு இருந்தோமே, அப்ப."

அவள் குழாயை மூடினாள். திரும்பினாள். "நம்ம முதல் வருஷத்துலயா? கடவுளே. இருபது வருஷம் அதையே மென்னுக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் மேஜையிலிருந்த டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"நீங்க நீங்கன்னு எட்டுக்கு எட்டு எண்ணி எழுதினது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்க. ரெண்டாவது பாகத்துலயே தெரியும். ஒண்ணும் சொல்லலை. முதல்ல பாவமா இருந்துச்சு. அப்புறம் நல்லாவும் இருந்துச்சு, பொய் சொல்வானேன். நாற்பத்துநாலு வயசுல ஒரு ஆள் என்னை நினைச்சு வயிறெரியறது சும்மாவா? ஆனா இன்னைக்கு வேலையில கை வெச்சுட்டீங்க. நாலு பேர் முன்னாடி என் வாயால அந்தக் கண்றாவியைச் சொல்ல வெச்சீங்க. அதுதான் ஆத்திரம்."

"படியில நின்னு அவன்கூட என்ன அப்படி ரகசியம்?"

"அவனுக்குத் தொண்டையில கட்டி மாதிரி ஏதோ இருக்கு. டாக்டர்கிட்ட போக பயம். குரல் போச்சுன்னா வேலை போச்சுன்னு யார்கிட்டயும் சொல்லலை. மூணு மாசமா நான்தான் போடா போடான்னு விரட்டறேன். நேத்துதான் போயிருக்கான், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. போதுமா?"

அவர் மேஜையைப் பார்த்தார். அவனை நினைத்து மூன்று மாதம் எரிந்த எரிச்சல் போக இடம் தெரியாமல் நின்றது. ஆனாலும் கேட்டதை விடவில்லை.

"சரி. அப்ப யாரைத்தான் நினைச்ச?"

"உங்களைத்தான், வேற யாரை?" என்றாள், உருளைக்கிழங்கு விலையைச் சொல்கிற மாதிரி. "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னீங்க. மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். பேசச் சொல்லி மைக் ரூம் விளக்கு எரிஞ்சுது. திட்டுல முதல் எழுத்து மைக்ல விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"என்னைத் திட்டறதுக்கு..."

"மனசுக்குள்ள திட்டும்போது வாங்க போங்கன்னு மரியாதை குடுத்தா திட்டுவாங்க? நீதான். கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து நீதான்."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பிறகு, "ஒரு தடவை வெளியில சொல்லேன்" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். நிஜமாகவே முயன்று பார்ப்பது முகத்தில் தெரிந்தது. தொண்டையைக்கூடச் செருமினாள். "வரலைங்க" என்றாள். திரும்பிக்கொண்டு காலைப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வாயெண்ணி உட்கார்ந்திருந்தார். ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. அவளுக்குள்ளே இருபத்தொரு வருஷமாக ஒருவன் இருந்திருக்கிறான். துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, இவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அவன் அவளிடமிருந்து நீ வாங்கியிருக்கிறான். ரேடியோக்காரனையாவது பென்சிலால் அழித்து எழுதித் தள்ளிவைக்க முடிந்தது. இவனை என்ன செய்வது? முகமும் சட்டையும்கூட இவருடையதே. வயிறு பழைய இடத்திலேயே மறுபடி எரிந்தது.

தொட்டிக்கு மேலே ஜன்னல். வெளியே வெளிச்சம் குறைந்து, உள்ளே விளக்கு எரிந்ததால் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. முதுகைக் காட்டி நிற்கிறோம் என்ற தைரியத்தில் அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. வாயெண்ணி மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மேஜையில் கிடந்த தாளைத் திருப்பிப் போட்டுக் கோடு போட்டார்.

முதல் திறப்பு: விரிந்து, பல் தெரிந்து. இரண்டாவதும் மூன்றாவதும் குவிந்தன. எட்டாவதில் உதடு ஒட்டிப் பிரிந்தது. ஒன்பதில் முடிந்தது.

கோடுகளுக்குக் கீழே எழுதிப் பார்த்தார். 'நீ ஒரு சரியான மண்டு.' விரலை வைத்து எண்ணினார். ஒன்பதுக்கு ஒன்பது. உதடு ஒட்டுகிற இடத்தில் 'ம' தவறாமல் வந்து விழுந்திருந்தது.

"அங்க என்ன எழுதறீங்க?" என்றாள் திரும்பாமல்.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா அந்த டம்ளரைக் கொண்டாங்க இப்படி."

டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். இரண்டடி வைத்திருப்பார். ஜன்னலில் அவள் உதடுகள் மறுபடி விரிந்தன, பல் தெரிந்தது. கிட்டே போனால் நிறுத்திவிடுவாள். அவர் டம்ளரோடு சமையலறை நடுவில் அப்படியே நின்று, எண்ணிக்கை தப்பிவிடாமல், அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.